சாமிக்கு எதுக்குடா சிரிம் முத்திரை?

ஏன்டா தம்பி, கடவுள் இருக்காரா இல்லியான்னு கைப்பேசிகிட்டயே கேட்டுப்புட்டியாமே? உங்கம்மா சொன்னா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்காம அந்தச் செயற்கை அறிவோட மல்லுக்கு நின்னியாம். அது என்னா சொல்லுச்சு? இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு, அந்தப் பக்கமும் நியாயம் இருக்குன்னுச்சா? இதுக்கு எதுக்குடா அவ்வளவு கரண்டு? தேர்தல் வந்தா நம்ம டத்தோமாருங்க அதத்தான சொல்றாங்க.

சரி, உக்காரு. ரெண்டு தே தாரிக் சொல்லு. எனக்குச் சீனி கொறச்சு. காசு நீ குடு, ஞானம் நான் குடுக்குறேன்.

நான் காப்பார் பக்கம் கித்தாக் காட்டுல வளந்தவன். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்பு. கடவுளப் பத்தி அதிகாரமாப் பேசறதுக்கு அதுவே ஜாஸ்தி. நம்ம ஊருல மேடையேறுறவங்கள நீ பாத்ததில்லியா?

மொதல்ல ஒண்ணத் தெரிஞ்சுக்க. இந்தக் கேள்விய நம்ம மலேசிய நாடு 1970லேயே தீத்து வச்சிருச்சு. மே 13 கலவரம் முடிஞ்ச மறுவருசம், ஆகஸ்டு 31ஆம் தேதி, ருக்குன் நெகாரான்னு அஞ்சு கோட்பாடு போட்டாங்க. மொதக் கோட்பாடே இறைவன் மேல நம்பிக்கை. அதுக்கப்புறந்தான் மாமன்னர், அரசியலமைப்பு, சட்டம், நன்னடத்தை எல்லாம். நீயும் பள்ளிக்கூட வாரக் கூட்டத்துல வெயில்ல நின்னு, கையத் தூக்கி, கிளிப்பிள்ளையா ஒப்பிச்சவந்தான? ஒருநாளாச்சும் அதுல என்னா இருக்குன்னு யோசிச்சியா? எந்தச் சாமின்னு எழுதல. பாத்துட்டு நம்பணுமா, நம்பிட்டுப் பாக்கணுமான்னும் எழுதல. நம்புன்னு ஒத்த வரியச் சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாங்க. எழுதினவங்க கெட்டிக்காரங்கடா. நீயும் நானும் அந்த வரியில நின்னுகிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிக்கிறோம்.

ஆனா நம்ம சனத்துக்கு நம்பறது மட்டும் பத்தல. சிரிம்காரன் குத்துற தர முத்திரை வேணும். ரைஸ் குக்கர்ல ஒட்டியிருக்கும், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுல ஒட்டியிருக்கும் பாரு, அது இப்ப சாமிக்கும் வேணுமாம். குத்துறவன் மட்டும் ஷா ஆலம்காரனா இருக்கக் கூடாது. நாசாக்காரனா இருக்கணும்.

உங்க மாமா காலங்காத்தால வாட்ஸ்அப்புல அனுப்புறாரே, திருநள்ளாறு சமாச்சாரம், உனக்கும் வந்துச்சா? சனீஸ்வரன் கோயிலுக்கு மேல போற செயற்கைக்கோள் எல்லாம் மூணு விநாடி நின்னு போகுதாம். நாசாவே அசந்து போச்சாம். எனக்குப் பத்து வருசமா வருது. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரியே வருது. எஞ்சினியரிங் படிச்ச பையந்தான நீ, சொல்லு. ஓடற வேகத்துலதான அந்தக் கோள் கீழ விழாம சுத்துது? நின்னா மேலயா இருக்கும்? தலையில வந்துல்ல விழும். கீழ்ச் சுற்றுப்பாதையில அதோட வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்குச் சுமாரா ஏழரை கிலோமீட்டர். ஏழரை எங்க இருக்குன்னு இப்பத் தெரியுதா?

அந்தக் கோயில்ல எத்தனை தலைமுறையா நம்பிக் குளிச்சு, எண்ணெய் தேச்சு, அழுதுட்டு வந்திருக்காங்க. ஒரு கோளையும் நிப்பாட்டச் சொல்லி யாரும் கேக்கல. வாட்ஸ்அப்பு வந்த பிறகுதான் நம்மாளுக்குச் சந்தேகம் வந்து, சாமிக்குச் சாட்சி தேடுறான்.

அடுத்தது ஜெனீவா. செர்ன்னு ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம். அங்க ரெண்டு மீட்டர் ஒசரத்துக்கு நடராஜர் செலை இருக்கு. போட்டோ உண்மைதான். 2004ல இந்திய அரசாங்கம் குடுத்த அன்பளிப்பு. கதை போட்டோவுக்குக் கீழதான் ஆரம்பிக்குது. விஞ்ஞானிங்க எல்லாம் ஆனந்தத் தாண்டவத்தப் பாத்துத்தான் அணுவப் பொளந்தாங்களாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு படம் குடுத்தா நீயும் சுவத்துல மாட்டத்தான் செய்வ. அதுக்காக நீ அவரு கட்சியா?

2012 ஜூலை 4ஆம் தேதி அதே எடத்துல ஹிக்ஸ் துகளக் கண்டுபிடிச்சோம்னு சொன்னாங்களா, நம்ம பத்திரிகைங்க 'கடவுள் துகள்'னு கொட்டை எழுத்துல போட்டுச்சுங்க. அன்னிக்கு கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுல ஒரு ஆளு பூக்கடையில நின்னுகிட்டு, "பாத்தீங்களா, சிவனக் கண்டுபிடிச்சிட்டான் வெள்ளக்காரன்"ங்கிறார். அந்தப் பேர வச்சது லெடர்மன்னு ஒரு நோபல் பரிசுக்காரர், 1993ல எழுதின புத்தகத்துக்குத் தலைப்பா. கையில சிக்காம பாடாப்படுத்துற துகள்னு கெட்ட வார்த்தையில வைக்கலாம்னு பாத்தேன், பதிப்பாளர் விடலைன்னு அவரே கிண்டலா எழுதியிருக்கார். அது அணுவுக்குள்ள இருக்கிற அடிப்படைத் துகளுக்கு நிறை எப்பிடி வந்துச்சுன்னு சொல்ற சமாச்சாரம். ரொம்பப் பெரிய சமாச்சாரந்தான். ஆனா உங்க வீட்டுப் பூசை ரூமுக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?

இன்னொண்ணு யோசி. இன்னிக்குச் சொன்னத நாளைக்கு மாத்துறது அறிவியல்காரன் தொழில். தப்புன்னு தெரிஞ்சா வெக்கப்படாம மாத்துவான், அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் குத்தின முத்திரையில நீ சாமி கும்பிட்டா, அவன் முத்திரைய வாபஸ் வாங்குற அன்னிக்கு என்னா செய்வ? சாமியக் கடையில திருப்பிக் குடுத்துட்டு ரசீது காட்டுவியா?

பிள்ளையார் பால் குடிச்சதச் சொல்றேன் கேளு. நீ பொறக்குறதுக்கு முன்னால. 1995 செப்டம்பர் 21. டில்லியில ஒரு கோயில்ல விடியறதுக்கு முன்னால ஆரம்பிச்சுது. அன்னிக்கே இந்தியா பூரா பரவி, லண்டன் சவுத்ஹால் வரைக்கும் போயிருச்சு. அப்ப வாட்ஸ்அப்பு ஏது? எல்லாம் வீட்டுப் போன்தான். எங்க வீட்டுக்கும் போன் வந்துச்சு. எங்க வீட்டுக் கெழவி, அப்பக் கெழவி இல்ல, கரண்டிய எடுத்துகிட்டுப் பித்தளைப் பிள்ளையார்கிட்ட போயிட்டா. கரண்டிய தும்பிக்கை ஓரம் சாய்ச்சுப் புடிச்சா. பால் கொறையுது. நான் என் கண்ணால பாத்தேன். தெருவே எங்க வீட்டுல நின்னுச்சு.

மறுநாள் காலையில பாத்தா பீடத்துக்குக் கீழ எறும்பு. சாரை சாரையா. சுவரு ஓரமா வந்து, பிள்ளையார் தொப்பைக்கு அடியில பூந்து, அந்தப் பக்கமா வெளிய போகுது.

டில்லியில அரசாங்க விஞ்ஞானிங்க பாலுல சாயத்தக் கலந்து ஊட்டிப் பாத்தாங்க. கரண்டி விளிம்ப விட்டு எழும்பின பால் செலை மேல பட்டு, மெல்லிசாப் படலமா வழிஞ்சு கீழ எறங்குறது வண்ணத்துல தெரிஞ்சுது. பரப்பு இழுவிசை, நுண்புழை ஏற்றம்னு பாடப் புத்தகத்துலயே இருக்கு. பால் வெள்ளையா இருக்கிறதால கண்ணுக்குத் தப்பிடுச்சு. அவ்வளவுதான் ரகசியம். எங்க வீட்டுல அதுக்குச் சாயம் தேவைப்படல, எறும்பே சொல்லிருச்சு.

நானும் பெரிய விஞ்ஞானியாட்டம் கெழவிகிட்ட போயி வெளக்கினேன். அவ என்னா சொன்னா தெரியுமா? "அவரு குடிச்சாரான்னு நான் எங்க கேட்டேன்? அவருக்குப் பசிக்குதுன்னு சொன்னாங்க, குடுத்தேன்." சொல்லிட்டு எறும்புக்குச் சீனி போட்டா. நீ உன் செயற்கை அறிவுகிட்ட கேட்டுப் பாரு, இதுக்கு அது எந்தப் பக்கம் நியாயம் சொல்லுதுன்னு.

அதுக்காகப் பகுத்தறிவ நான் தள்ளி வைக்கிறேன்னு நெனைக்காத. பெரியார் இந்த மண்ணுல ரெண்டு தடவ கால் வச்சிருக்கார். 1929 கடைசியில கப்பல்ல பினாங்குல வந்து எறங்கினார். மறுபடி 1954ல. அவரு பேச்சக் கேட்டவங்கதான் அப்புறம் தோட்டம் தோட்டமாப் போயி சாதியக் கேட்டாங்க, கள்ளுக்கடையக் கேட்டாங்க, தீமிதி எதுக்கு அலகு எதுக்குன்னு கேட்டாங்க. ஒரே லயத்துல இருந்துகிட்டு, ஒரே மரத்துல பால் வெட்டிகிட்டு, தண்ணிப் பானைய மட்டும் தனித்தனியா வச்சிருந்த சனத்தப் பாத்து, இது எந்தச் சாமி சொன்னதுடான்னு ஒருத்தன் கேக்க வேண்டியிருந்துச்சு. எங்க பூசாரி கேட்டாரா?

இலங்கையில ஆபிரகாம் கோவூர்னு ஒருத்தர் இருந்தார். மலையாள தேசத்துல பொறந்து அங்க போயி தாவரவியல் சொல்லிக்குடுத்தவர். 1963ல ஒரு சவால் விட்டார். ஏமாத்து வேலைக்கு வழியில்லாத எடத்துல எவனாச்சும் அதிசயம் செஞ்சு காட்டினா ஒரு லட்ச ரூபாய். விபூதி வரவழைக்கிறவன், மனசுல நெனச்சதச் சொல்றவன், பேயப் புடிச்சவன் எல்லாருக்கும் பொது. 1978ல அவரு கண்ண மூடுற வரைக்கும் ஒருத்தனும் வாங்கல. ஒரு லட்சம்டா! அந்தக் காலத்துல! காசு வேணாம்னு சொல்ற அளவுக்கா நம்ம சாமியாருங்க எல்லாம் துறந்துட்டாங்க?

அதனால சொல்றேன், பகுத்தறிவு பால் வெட்டுற உளி மாதிரி. கித்தா மரத்துல உளி பட்டையில கொஞ்சமா எறங்கினா பால் வராது, மங்கு காலியா இருக்கும். ஆழமா எறங்கினா மரம் காயப்பட்டுப் போகும், அந்த எடத்துல மறுபட்டை முண்டும் முடிச்சுமா வளரும், அப்புறம் யாரும் அதுல வெட்ட முடியாது. சரியான ஆழம் மண்டோர் சொல்லி வராது, கையிலதான் வரும். பித்தலாட்டத்த வெட்டுறதுக்கு அந்த உளியத் தவிர வேற எதுவும் கெடையாது. கெழவி எறும்புக்குப் போட்ட சீனியையும் சேத்து வெட்டுறவனுக்குத்தான் கை பழகலைன்னு அர்த்தம்.

ஆனா நம்ம பகுத்தறிவுக்காரங்க சில பேரப் பாரு. கடவுள் இல்லைங்கிறதுக்கு ஒருத்தர் முன்னூறு காரணம் வச்சிருப்பாரு. ஃபெடரல் ஹைவேயில காரு மோதிக் கெடந்தா மட்டும் வேகத்தக் கொறச்சு, தலைய நீட்டி, நம்பர்ப் பலகையப் பாத்துக்குவாரு. அடிபட்டவன் இருக்கானா போயிட்டானான்னு பாக்க மாட்டாரு. சாயங்காலம் நாலு நம்பர் கடையில போயி அந்த நம்பரக் கட்டுறாரு. கணக்குப் போடு தம்பி. பூச்சியம் நாலுலேர்ந்து ஒம்போது நாலு வரைக்கும் 10,000 நம்பர். முதல் பரிசு, ரெண்டாவது, மூணாவது, சிறப்புப் பரிசு பத்து, ஆறுதல் பரிசு பத்து, ஆக மொத்தம் 23. பத்தாயிரத்துல இருவத்திமூணு. இத நம்புறவருக்கு முருகன நம்புறதுல என்னடா கஷ்டம்?

பக்தருங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. எங்க தோட்டத்து முனியாண்டிக்குக் கூரையே கெடையாது. ஒரு மரம், ஒரு கல்லு, ஒரு சூலம். வருசத்துக்கு ஒருதரம் சுருட்டும் ஒரு போத்தல் ஸ்டவுட்டும். தோட்டத்த வித்துத் தாமான் கட்டினப்ப முனியாண்டியும் எங்கள மாதிரியே எடம் மாறிப் போனாரு. அவர்கிட்ட கடைசியா வந்து நின்னவன் எல்லாம் கேட்டது என்னா? நம்பர். நாலு நம்பர்! உலகத்தப் படைச்ச ரகசியம் தெரியுமான்னு ஒருத்தன் கேக்கல. மெய்ஞ்ஞானத்தத் தேடறாங்களாம்.

அப்புறம் ஒசரம். பத்துமலை முருகன் 42.7 மீட்டர். 2006 ஜனவரியில தெறந்தாங்க. எனக்கும் அழகாத்தான் இருக்கு, இல்லேங்கல. கண்ணு கூசுது. படிக்கட்டு 272. 2018ல வானவில் மாதிரி சாயம் அடிச்சாங்க, வெள்ளக்காரப் புள்ளைங்க படியில நின்னு போட்டோ புடிக்குதுங்க. ஆனா தம்புசாமிப் பிள்ளை அங்க தைப்பூசம் ஆரம்பிச்ச 1892ல என்னா இருந்துச்சு? அந்தச் செலை இல்ல. சிமெண்டுப் படி இல்ல. காடு, குகை, வௌவால், ஒரு வேல். அன்னிக்குக் கல்லுலயும் வேருலயும் கைய ஊணி ஏறினவங்க கடவுளக் கொறச்சலாத் தெரிஞ்சுகிட்டாங்களா? அப்பிடின்னா மீட்டருக்கு எவ்வளவு ஞானம்னு ஒரு விலைப்பட்டியல் போட்டுறலாமே.

தைப்பூசம்னதும் காவடி ஞாபகம் வருது. அறிவியல்காரன் காவடியையும் விட்டு வைக்கல. மொரீஷியஸ்ல நம்ம தமிழ்ச் சனம் தைப்பூசம் எடுக்குது. அங்க ஒரு கூட்டம் விஞ்ஞானிங்க போனாங்க. 2013ல அந்த ஆராய்ச்சி அச்சுல வந்துச்சு. வாயில அலகு, முதுகுல கொக்கி, வெயில்ல காவடி, மலைமேல கோயில். எறங்கி வந்தவங்ககிட்ட 200 ரூபாய் குடுத்தாங்க. உங்களுக்குத்தான், வேணும்னா இதுலேர்ந்து கோயிலுக்கு எவ்வளவு வேணும்னாலும் குடுங்கன்னு, யாருக்கும் தெரியாம தனியாப் போட வச்சாங்க. சும்மா உக்காந்து பிரார்த்தனை பண்ணினவங்களவிட அலகு போட்டவங்க நெறையக் குடுத்தாங்க. வலி எவ்வளவுக்கு எவ்வளவு ஜாஸ்தியோ, காசும் அவ்வளவு ஜாஸ்தி. இதுல வேடிக்கை என்னான்னா, அலகு போட்டவனவிட அவன்கூட 'வேல் வேல்'னு நடந்து வந்தவன் இன்னும் அதிகமாக் குடுத்தான்.

நல்ல ஆராய்ச்சி. நான் குத்தம் சொல்ல மாட்டேன். அடுத்தவன் வலியப் பாத்தா மனுசன் மடி அவுழும்னு அளந்து சொல்லியிருக்காங்க. நீ காவடிக்குத் தண்ணி ஊத்தப் போனப்ப உனக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா முருகன் அந்த மலைமேல இருந்தாரான்னு அந்தக் கட்டுரையில ஒரு வரி கெடையாது. இருக்காது. அவங்க கொண்டுபோன அளவுகோல்ல ரூபாய்தான் அளக்க முடியும், அதை அவங்க நேர்மையா அளந்தாங்க. அதத் தூக்கிட்டு வந்து "அறிவியலே நிரூபிச்சிருச்சு"ன்னு ஒருத்தன் ஆடுவான். "எல்லாம் மூளையில சுரக்குற ரசாயனம்"னு இன்னொருத்தன் ஆடுவான். ரெண்டு பேரும் கட்டுரையப் படிக்கல.

நீ என்னமோ இதெல்லாம் உன் காலத்துக் கேள்வின்னு நெனச்சுகிட்டு இருக்க. போ, பிரிக்பீல்ட்ஸ்ல எந்தப் புத்தகக் கடையிலயாச்சும் சிவஞானபோதம் கேளு. மெய்கண்டார் செஞ்சது. 13ஆம் நூற்றாண்டு. மொத்தமே பன்னெண்டு நூற்பா. உன் கைப்பேசித் திரையில ரெண்டு தடவ தள்ளினா முடிஞ்சிரும். அதுல மொதல் நூற்பாவே நம்புன்னு சொல்லல, வாதாடுது. உலகம் தோணுது, நிக்குது, அழியுது, ஆக இதுக்கு ஒருத்தன் இருந்தாகணும்னு கணக்குப் போட்டு ஆரம்பிக்குது. அப்பிடியே போயி ஒம்போதாவது நூற்பாவுக்கு வந்தா, இந்த ஊனக் கண்ணுக்கும் இந்தக் கணக்குக்கும் அவன் சிக்க மாட்டான்னு சொல்லிருது. காட்சி, கருதல், உரைன்னு மூணு அளவை வச்சிருந்தாங்க நம்ம பெரியவங்க. கண்ணால பாக்குறது, பாத்தத வச்சு யோசிக்கிறது, பெரியவங்க சொன்னத ஏத்துக்குறது. உன் அறிவியல், பகுத்தறிவு, நம்பிக்கை மூணும் அதுக்குள்ள அடங்கிப் போச்சு. மூணும் வேணும்னு வச்சுகிட்டு, மூணும் கொண்டுபோயி விடுற எடம் வாசல்தான்னும் சொன்னாங்க. உள்ள கூட்டிட்டுப் போறது அவன் அருள்னுட்டாங்க.

"தாத்தா, இது நல்ல தப்பிக்கிற வழி"ன்னு நீ சிரிக்கிற. சிரி. கேள்வி நியாயந்தான். அருள் கெடச்சிருச்சுன்னு எவன் வேணும்னாலும் சொல்லலாமே, அத எத வச்சுப் பரிசோதிக்கிறது? அதுக்கும் சைவத்துல ஒரு கதை இருக்கு. எனக்கு நூற்பாவவிட இந்தக் கதைதான் புடிக்கும்.

திருவெண்ணெய்நல்லூர்ல மெய்கண்டார் பாடம் நடத்துறாரு. சின்னப் புள்ள. அவங்க குடும்பத்துக்கே குலகுரு ஒருத்தர், பேரு சகலாகம பண்டிதர். எல்லா ஆகமமும் கரைச்சுக் குடிச்சவர்னு பேரே சொல்லுதுல்ல? தன் சிஷ்யனுங்க எல்லாம் இந்தப் பொடியன்கிட்ட போயி உக்காருறானுங்கன்னு கோவத்தோட வந்து நின்னாரு. அன்னிக்குப் பாடம் ஆணவம். பண்டிதர் வேணும்னே கேட்டாரு, "ஆணவத்தோட உருவம் என்னா?"ன்னு. பையன் வாயத் தெறக்கல. அவர மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தான். நிக்கிறதப் பாத்தான், கையப் பாத்தான், மூஞ்சியப் பாத்தான். அவ்வளவுதான். பண்டிதர் பொசுக்குன்னு கால்ல விழுந்துட்டார். அவருதான் அப்புறம் அருள்நந்தி சிவாச்சாரியார். சிவஞான சித்தியார் எழுதினவர்.

நடந்துச்சா நடக்கலியான்னு நீ ஆதாரம் தேடாத. கதைய எதுக்குச் சொல்லிவச்சாங்கன்னு பாரு. மலையளவு படிச்சவரு, சாஸ்திரம் பூரா நாக்குல இருக்கு, அவருக்குத் தடையா நின்னது என்னா? அறிவு பத்தலியா? நம்பிக்கை பத்தலியா? அவரே குறுக்க நின்னுகிட்டு இருந்தாரு. நான் இத்தனை வருசத்துல பாத்தவரைக்கும், கடவுளப் பாத்துட்டேன்னு மைக்கப் புடிக்கிறவரும், கடவுள் இல்லேன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு மைக்கப் புடிக்கிறவரும் நிக்கிற நிலை ஒண்ணாத்தான் இருக்கு. மெய்கண்டார் பாத்த மாதிரி ஒரு பார்வை பாத்தா போதும்.

பேசாம இருந்தவரும் ஒருத்தர் உண்டு. பிரிக்பீல்ட்ஸ்ல ஜாலான் பெர்ஹாலா தெரியுமில்ல? அங்க புத்த மகா விகாரை இருக்கு, 1894லேர்ந்து. அதே ரோட்டுல சக்தி விநாயகர் கோயில். உலகம் என்னிக்கும் இருக்குமா அழியுமான்னு கேட்டா புத்தர் அந்தப் பேச்சே எடுக்கல, அம்பு தச்சிருக்கு மொதல்ல புடுங்குன்னுட்டார். பக்கத்துல இருக்கிறவரப் பத்தி, பால் குடிச்சார்னு ஊரே பேசுச்சு. ரொம்ப வருசமா அக்கம்பக்கம். ரெண்டு பேரும் சண்டை போட்டுகிட்டதாத் தகவல் இல்ல. விசாகத்தன்னிக்கு ரெண்டு பக்கத்துச் சனமும் ஒரே எடத்துல நின்னு ரத ஊர்வலம் பாக்குது.

அதே பிரிக்பீல்ட்ஸ்ல பார்வையில்லாதவங்க சங்கம் ஒண்ணு இருக்கு, 1951ல ஆரம்பிச்சது. அதனால அந்த வட்டாரத்துல நடைபாதை ஓரமா மஞ்சக் கல்லு பதிச்சிருப்பாங்க, மேடு மேடா. வெள்ளக் கோல அதுல தட்டிகிட்டே அவங்க ரயிலடி வரைக்கும் வந்துருவாங்க. போன வருசம் ஒரு மண்டபத்துல 'கடவுளை அறிவது எப்படி'ன்னு விவாத அரங்கம், அறிவியல், பகுத்தறிவு, நம்பிக்கைன்னு மூணு அணி. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதம், எல்லாருக்கும் பொன்னாடை, கடைசியில மூணு அணியும் ஜெயிச்சதாத் தீர்ப்பு, ஆளுக்கு ஒரு பொட்டலம் மீ. நான் வெளிய வந்தேன். மஞ்சக் கல்லு மேல வரிசையா வண்டி. ஒண்ணுல 'சிவமயம்'னு ஒட்டியிருக்கு. அதுக்குப் பின்னால நிக்கிறதுல 'சிந்தித்துப் பார்'னு ஒட்டியிருக்கு. அந்தப் பக்கமா ஒரு பையன் வெள்ளக் கோலோட வந்தான். கோலு பம்பர்ல டொக்குன்னு இடிச்சுது. ஒருதரம், மறுபடி ஒருதரம். தடவிப் பாத்தான். "அங்கிள், இங்க பாதை இருந்துச்சே?"ன்னான். இருக்குப்பா, கடவுளத் தேடி வந்தவங்க மேல நிறுத்தியிருக்காங்கன்னு சொல்லிக் கையப் புடிச்சேன். அவன் சிரிச்சான். ரோட்டுல எறங்கி சுத்திகிட்டுத்தான் போனோம். பஸ்ஸுக்காரன் வேற ஹார்ன் அடிக்கிறான்.

வர்ற ஞாயித்துக்கிழமை அங்க மறுபடியும் வைக்கிறாங்களாம், நீ அறிவியல் அணியில பேசப் போறியாம். போ, வேணாங்கல. நல்லாப் பேசு. கிள்ளான்ல கொமுட்டர் ஏறினா நேரா கேஎல் சென்ட்ரல், அங்கேர்ந்து நடக்குற தூரம். வண்டியிலதான் போவேன்னா, மஞ்சக் கல்ல விட்டுத் தள்ளி நிறுத்து. தேத்தண்ணிக்குக் காசு குடுத்துட்டியா?